வெற்றிச் சூத்திரத்தை மீறிய இசைத்தட்டு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இன்றைய பேச்சு ஒரே ஒரு இசைத்தட்டைப் பற்றியது. மார்வின் கே என்ற கறுப்பினப் பாடகர் அமெரிக்காவில் 1971 மே 21 அன்று வெளியிட்ட 'வாட்ஸ் கோயிங் ஆன்' என்ற ஆல்பம். 9 பாடல்கள், எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 35 நிமிடம். 2020இல் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் எக்காலத்துக்குமான தலைசிறந்த 500 ஆல்பங்களைப் பட்டியலிட்டபோது முதலிடத்தை இதற்கே கொடுத்தது. ஆனால் இதன் தலைப்புப் பாடலை வெளியிட மார்வின் கேயின் இசைத்தட்டுக் கம்பெனி முதலாளியே மறுத்தார். அவர் சொன்ன காரணங்கள் அந்த நேரத்துக்கு நியாயமாகவே இருந்தன. அதனால்தான் இந்த வரலாற்றை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கம்பெனியின் பெயர் மோட்டவுன். ஊர் டெட்ராய்ட், கார்களின் தலைநகரம். முதலாளி பெர்ரி கோர்டி இசைத் தொழிலுக்கு வருவதற்கு முன் லிங்கன்-மெர்க்குரி கார்த் தொழிற்சாலையில் கூலிக்கு வேலை பார்த்தவர். நகர்ந்துவரும் வண்டிகளில் குரோம் பட்டைகளைப் பொருத்திக்கொண்டே மனசுக்குள் மெட்டுக் கட்டுவார். வெறும் இரும்புச் சட்டமாக ஒரு கோடியில் நுழைகிற வண்டி, கை மாறிக் கை மாறி, மறுகோடியில் புத்தம்புதுக் காராக வெளியே ஓடுவதைத் தினமும் பார்த்தார். பாட்டையும் இப்படிச் செய்ய முடியும் என்று அவருக்குத் தோன்றியது. 1959இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கித் தொழில் தொடங்கினார். மேற்கு கிராண்ட் பூல்வார்டு சாலையில் 2648ஆம் எண்ணுள்ள சாதாரண வீடுதான் ஸ்டுடியோ. கூரையிலிருந்து மைக் வயர்கள் தொங்கிக்கொண்டிருந்ததால் வாத்தியக்காரர்கள் அதற்குப் 'பாம்புக்குழி' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு நாளில் 22 மணி நேரம் அந்தக் கூடம் திறந்திருந்தது.

அங்கே ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆள். எழுத ஒருவர், மெட்டுக்கு ஒருவர், தயாரிக்க ஒருவர். பாடகர் வந்து, காத்திருக்கும் டிராக்கின்மேல் பாடிவிட்டுப் போவார். மேடையில் எப்படி நிற்பது, நிருபரிடம் எப்படிப் பேசுவது என்பதையெல்லாம் மாக்ஸின் பவல் என்ற அம்மையார் சொல்லிக்கொடுத்தார். ஆட்டத்துக்குச் சாலி அட்கின்ஸ். வெள்ளிக்கிழமை தோறும் தரக்கட்டுப்பாட்டுக் கூட்டம். கையில் கடைசி டாலர் இருந்தால் இந்த இசைத்தட்டை வாங்குவீர்களா, சாண்ட்விச் வாங்குவீர்களா என்று கோர்டி கேட்பார். கார் ரேடியோவில் எப்படிக் கேட்கும் என்று தெரிந்துகொள்ள, மிக்சிங்கைச் சின்ன ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டுச் சோதிப்பார்கள். மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும். முதல் சில விநாடிகளில் கேட்பவரைப் பிடித்துவிட வேண்டும். காதலைப் பாட வேண்டும்.

இந்த முறையை வெறும் பணக் கணக்கு என்று தள்ளிவிடக் கூடாது. கறுப்பினத்தவர் பேருந்திலும் உணவகத்திலும் சம உரிமைக்காக அடிபட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில், அவர்களுடைய குரலை வெள்ளையர் வீட்டு வரவேற்பறை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது இந்த முறைதான். சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், ஃபோர் டாப்ஸ், மிராக்கிள்ஸ் எல்லாரும் இந்தக் கூடத்தில் உருவானவர்கள். வெள்ளையரும் வாங்கக்கூடிய இசைத்தட்டு என்பது கோர்டிக்கு ஓர் அரசியல் வெற்றியும்கூட. அதை ஒரு பாட்டுக்காகப் பணயம் வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

மார்வின் கே இந்தக் கூடத்துக்குள் டிரம்ஸ் வாசிப்பவராகவும் நுழைந்தவர். மார்வலெட்ஸ் குழுவின் 'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்' பாட்டில் டிரம்ஸ் அவருடையது. 'டான்சிங் இன் த ஸ்ட்ரீட்' பாட்டை எழுதியவர்களில் அவரும் ஒருவர். கோர்டியின் அக்கா ஆனாவை மணந்து முதலாளிக்கு மைத்துனரும் ஆனார். ஆனால் அவருடைய ஆசை வேறு. நாட் கிங் கோல் மாதிரி மேல்தட்டுச் சபைகளில் மென்மையாகப் பாட வேண்டும் என்று விரும்பினார். 1961இல் வந்த அவருடைய முதல் ஆல்பம் அந்த ஆசையில் பிறந்தது; விற்கவில்லை. பிறகு கம்பெனி சொன்னபடி பாடினார். பெண்கள் கொண்டாடும் காதல் நாயகரானார்.

தரக்கட்டுப்பாட்டுக் கூட்டம் எவ்வளவு தவறக்கூடியது என்பதற்கு அவருடைய வாழ்க்கையிலேயே ஒரு சான்று இருக்கிறது. 'ஐ ஹெர்ட் இட் த்ரூ த கிரேப்வைன்' பாட்டைத் தயாரிப்பாளர் நார்மன் விட்ஃபீல்ட் அவரைப் பாடவைத்து 1967இல் பதிவு செய்தார். கோர்டி அதை வெளியிடச் சம்மதிக்கவில்லை. அதே பாட்டைக் கிளாடிஸ் நைட் பாடி அது வெற்றியும் கண்டது. மார்வின் கேயின் பதிவு 1968இல் ஓர் ஆல்பத்தின் உள்ளே சத்தமில்லாமல் சேர்க்கப்பட்டது. வானொலிக்காரர்கள் அதைத் தாமாகவே தேடி எடுத்து ஒலிபரப்பத் தொடங்கியதும் வேறு வழியின்றித் தனி இசைத்தட்டாக வந்தது. 7 வாரம் அமெரிக்காவின் முதலிடம். அதுவரை மோட்டவுன் விற்ற இசைத்தட்டுகளிலேயே அதிகம் விற்றது அதுதான். கூட்டத்தின் தீர்ப்பைவிடத் தன் காது நம்பத் தகுந்தது என்று ஒரு பாடகர் நினைப்பதற்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

அந்த வெற்றி அவருக்கு மகிழ்ச்சி தரவில்லை. அவரோடு ஜோடிப் பாடல்கள் பாடிய டாமி டெரெல், 1967 அக்டோபரில் வர்ஜீனியாவில் ஒரு கல்லூரி மேடையில் அவர் கைகளிலேயே மயங்கிச் சாய்ந்தார். மூளையில் கட்டி. 1970 மார்ச் 16 அன்று 24 வயதில் இறந்துபோனார். மார்வின் கே மேடை ஏறுவதையே விட்டுவிட்டார். தாடி வளர்த்தார். டெட்ராய்ட் லயன்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியில் சேரப்போகிறேன் என்று உடற்பயிற்சி செய்தார். அணி அவரைச் சேர்க்கவில்லை, ஆனால் மெல் ஃபார், லெம் பார்னி என்ற இரண்டு வீரர்கள் அவருக்கு நண்பர்களானார்கள். தம்பி ஃபிராங்கி வியட்நாம் போரிலிருந்து திரும்பி வந்து, அங்கே கண்டதைச் சொல்லச் சொல்ல அண்ணன் அழுதார்.

ஊரும் அப்படித்தான் இருந்தது. 1967 ஜூலையில் டெட்ராய்ட் கலவரத்தில் 43 பேர் இறந்தார்கள். 7,000க்கு மேற்பட்டோர் கைதானார்கள். ராணுவம் தெருவில் இறங்கியது. 1970 மே மாதம் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலும் ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியிலும் மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அப்போதும் மோட்டவுன் ஸ்டுடியோவில் காதல் பாட்டுகள் நாள் தவறாமல் தயாராகிக்கொண்டிருந்தன.

தலைப்புப் பாட்டின் விதை மார்வின் கேயுடையது அல்ல. ஃபோர் டாப்ஸ் குழுவின் ரெனால்டோ 'ஓபி' பென்சன் 1969 மே மாதம் பெர்க்லி நகரத்தில் மக்கள் பூங்காவுக்காகப் போராடிய இளைஞர்களைப் போலீசார் தாக்கியதைத் தம் குழுவின் பயணப் பேருந்திலிருந்து பார்த்தார். என்ன நடக்கிறது இங்கே, ஏன் பிள்ளைகளை அடிக்கிறார்கள் என்ற அவருடைய தவிப்பை அல் கிளீவ்லாண்ட் பாட்டாக்கினார். பென்சனின் குழுவே அதைப் பாட மறுத்தது. எதிர்ப்புப் பாட்டு நமக்கு வேண்டாம் என்றார்கள். பாட்டு மார்வின் கேயிடம் வந்தது. அவரும் முதலில் வேறொரு குழுவுக்குக் கொடுக்கத்தான் நினைத்தார். நீயே பாடு என்று பென்சன் வற்புறுத்தினார். மார்வின் கே மெட்டைத் திருத்தினார், வரிகளைக் கூட்டினார், அண்ணன் தம்பிப் பேச்சு போன்ற ஒரு நெருக்கத்தை அதில் ஏற்றினார்.

1970 ஜூன் 1 அன்று ஒலிப்பதிவு. இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். பழைய முறை உடைந்தது அந்தக் கூடத்தில்தான்.

மார்வின் கே தம் பாட்டுக்கு முதல்முறையாகத் தாமே தயாரிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஸ்டுடியோவில் கட்டுப்பாடு தளர்ந்தது. கால்பந்து நண்பர்களை அழைத்து வந்து, வாழ்த்திப் பேசி அரட்டை அடிக்கவிட்டு அந்தச் சத்தத்தையே பாட்டின் தொடக்கமாக வைத்தார். வழக்கமான மோட்டவுன் டிரம்ஸ்காரரை விட்டுவிட்டு, ஜாஸ் பெரிய வாத்தியக் குழுக்களில் வாசித்துத் தேறிய செட் ஃபாரஸ்டைக் கூப்பிட்டார். நாலு அடிக்கும் ஓங்கி விழும் பழைய மோட்டவுன் தாளம் போய், காங்கா டிரம்ஸோடு மிதக்கிற ஒரு நடை வந்தது. சாக்ஸபோன் கலைஞர் ஈலை ஃபோன்டெய்ன் கருவியைச் சூடேற்றிக்கொள்ள எதையோ வாசித்துப் பார்த்தார்; டேப் ஓடிக்கொண்டிருந்தது. இது போதும், நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார் மார்வின் கே. இன்றும் அந்தப் பாட்டு அந்த ஒத்திகை வாசிப்பில்தான் தொடங்குகிறது.

குரலும் அப்படித்தான். ஒப்பிட்டுப் பார்க்க அவர் இரண்டு விதமாகப் பாடி வைத்திருந்தார். இரண்டையும் ஒலிப்பதிவாளர் தவறுதலாக ஒரே நேரத்தில் ஓடவிட்டார். ஒரு மார்வின் கே பாட, இன்னொரு மார்வின் கே பின்னாலிருந்து பதில் சொன்னார். அதைக் கேட்டவர் அப்படியே வைத்துக்கொண்டார். அதன் பிறகு தம் வாழ்நாள் முழுக்க அவர் அந்த உத்தியை விடவில்லை. தரக்கட்டுப்பாட்டுக் கூட்டத்துக்குப் போயிருந்தால் அந்தப் பிழையை முதலில் திருத்தியிருப்பார்கள் என்றே சொல்ல வேண்டும்.

பிறகு பேஸ் கிடார். ஜேம்ஸ் ஜேமர்சன் வேண்டும் என்று மார்வின் கே பிடிவாதமாக இருந்தார். கிளப்பொன்றில் வாசித்துக்கொண்டிருந்தவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தபோது அவரால் முக்காலியில் உட்கார முடியவில்லை, அவ்வளவு போதை. தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டே வாசித்தார் என்று இசை ஒருங்கமைப்பாளர் டேவிட் வான் டிபிட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஜேமர்சன் வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே தந்தியை மீட்டுகிறவர். அந்த ஒற்றை விரலில் வந்த வாசிப்பைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். பாட்டுக்குத் துணையாக நிற்கும் வேலையை அது செய்யவில்லை. பாடகரோடு சரிசமமாகப் பேசிக்கொண்டே போகிறது.

இந்த இடத்தில்தான் வழக்கமாகச் சொல்லப்படும் கதையோடு உடன்பட முடியவில்லை. தொழிற்சாலையை எதிர்த்துத் தனி ஒருவன் வென்றான் என்று சொல்கிறார்கள். உண்மையில், பத்தாண்டுகளாக அந்தத் தொழிற்சாலை பழக்கித் தேற்றிய கைகளை வைத்துத்தான் மார்வின் கே அதன் முறையை மீறினார். ஜேமர்சனையும், காங்கா வாசித்த எடி பிரௌனையும், பியானோ வாசித்த ஏர்ல் வான் டைக்கையும் இத்தனை ஆண்டுகள் மூன்று நிமிடத்துக்குள் அடக்கி வைத்திருந்தார்கள். இவர் கதவைத் திறந்துவிட்டார். அவர்களுக்கு என்னவெல்லாம் வரும் என்று, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்த ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

பாட்டைக் கேட்ட கோர்டிக்குப் பிடிக்கவில்லை. ஜாஸ் போல இருக்கிறது, பழசாக இருக்கிறது, அரசியல் பேசுகிறது, உன் ரசிகர்கள் ஓடிவிடுவார்கள் என்றார். ஆனால் அதே 1970இல் மோட்டவுன் போர் எதிர்ப்புப் பாட்டை விற்கத்தான் செய்தது. எட்வின் ஸ்டாரின் 'வார்' அந்த ஆண்டு முதலிடம் பிடித்தது. அந்தப் பாட்டை முதலில் பாடியவர்கள் டெம்ப்டேஷன்ஸ். அவ்வளவு பெரிய குழுவின் பெயருக்குச் சேதம் வரக் கூடாது என்று, புகழ் குறைந்த ஸ்டாரைக் கொண்டு மறுபடி பதிவு செய்து வெளியிட்டார்கள். மார்ட்டின் லூதர் கிங் வியட்நாம் போரை எதிர்த்து ஆற்றிய உரையையும் 'பிளாக் ஃபோரம்' என்ற தன் துணை நிறுவனத்தின் வழியாகக் கோர்டி இசைத்தட்டாக்கினார். ஆகவே அவருடைய பயம் அரசியலைப் பற்றியது மட்டும் அல்ல. நட்சத்திரத்தின் பிம்பம் உடையக் கூடாது. யார் என்ன பாடுவது என்பதைக் கம்பெனிதான் முடிவு செய்ய வேண்டும். மார்வின் கே கை வைத்தது அந்த அதிகாரத்தில்.

இதை வெளியிடாவிட்டால் இனி உங்களுக்குப் பாடமாட்டேன் என்று அவர் வேலைநிறுத்தம் செய்தார். மாதங்கள் ஓடின. விற்க வேறு மார்வின் கே பாட்டு கையில் இல்லாத நிலையில், விற்பனைப் பிரிவினர் கோர்டிக்குத் தெரியாமலே 1971 ஜனவரியில் பாட்டை வெளியே அனுப்பினார்கள் என்று அங்கே இருந்தவர்கள் சொல்கிறார்கள். அச்சடித்த தட்டுகள் உடனே தீர்ந்தன. கறுப்பின இசைப் பட்டியலில் முதலிடம், பொதுப் பட்டியலில் 2ஆம் இடம். கோர்டி மார்வின் கேயின் வீட்டுக்கே போய், மார்ச் மாதக் கடைசிக்குள் முழு ஆல்பம் கொடுத்தால் நீ விரும்பியபடியே செய்துகொள் என்றார். தோற்றதும் தயங்காமல் ஒப்புக்கொண்டது அவருடைய பெருமை.

1971 மார்ச் இரண்டாம் பாதியில், சுமார் பத்து நாளில், மற்றப் பாடல்கள் பதிவாயின. டெட்ராய்ட் சிம்பொனி இசைக்குழுவின் வயலின் கலைஞர்கள் கார்டன் ஸ்டேப்பிள்ஸ் தலைமையில் வாசித்தார்கள். போரிலிருந்து ஊர் திரும்பும் ஒருவன் சுற்றுமுற்றும் பார்ப்பதுதான் ஆல்பத்தின் பார்வை. வேலை இல்லை. நண்பர்கள் எங்கே என்று கேட்கிறான். ஹெராயினில் மிதக்கிறவனைப் பற்றிய பாட்டுக்கு, யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானக் கம்பெனியின் விளம்பர வாசகத்தைத் திருப்பிப் போட்டுத் தலைப்பு வைத்தார். 'மெர்சி மெர்சி மீ' பாட்டு, கடலில் எண்ணெயையும் மீனில் பாதரசத்தையும் காற்றில் நஞ்சையும் பேசுகிறது. முதல் பூமி நாள் கொண்டாடி ஓராண்டுதான் ஆகியிருந்தது. சுற்றுச்சூழலைப் பற்றி ஆடத்தக்க பாட்டு எழுதலாம் என்று யாரும் நினைத்திராத காலம்.

'இன்னர் சிட்டி புளூஸ்' பாட்டை மார்வின் கேயோடு எழுதியவர் ஜேம்ஸ் நிக்ஸ், மோட்டவுன் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கியவர். நிலாவுக்கு ராக்கெட் விடப் பணம் இருக்கிறது, இல்லாதவனுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்ற ஆற்றாமை அந்தப் பாட்டில் இருக்கிறது. விலைவாசி, வரி, கட்ட முடியாத பில், போர், துப்பாக்கி பிடித்த போலீஸ் எல்லாமே அதில் வருகின்றன. இத்தனையையும் அவர் உரக்கக் கத்திப் பாடவில்லை. பாப் பாபிட்டின் பேஸ் கிடார் அடியில் இருளாக உருள, அதன்மேல் களைத்த குரலில் ஏறக்குறைய முணுமுணுக்கிறார். ஒரு காதல் பாடகர் இருபத்து நாலு மணி நேரமும் காதோரம் பேசிப் பழகிய அந்த மென்மையைத்தான் இங்கேயும் பயன்படுத்துகிறார். கோபத்தை இவ்வளவு தாழ்ந்த குரலில் பாடிய பாட்டுகள் அபூர்வம்.

முதல் பக்கத்தின் 6 பாடல்களும் இடைவெளி இல்லாமல் ஒன்றில் ஒன்று கரைந்து ஓடுகின்றன. வானொலிக்காகத் துண்டு துண்டாகப் பாட்டுச் செய்த கம்பெனியிலிருந்து வந்ததால் இந்தத் தொடர்ச்சிக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. அட்டைப்படமும் புதிது. பளபளக்கும் மேடை உடை இல்லை, சிரிப்பு இல்லை. தம் வீட்டுப் பின்கட்டில், தூறலில், கறுப்பு மழைக்கோட்டின் காலரைத் தூக்கிவிட்டபடி நிற்கிறார். தலைமுடியிலும் தாடியிலும் ஈரத்துளிகள்.

எல்லாவற்றிலும் பெரிய மீறலாகப் படுவது அட்டையின் உள்ளே அச்சான பெயர்கள். 'ஃபங்க் பிரதர்ஸ்' என்று தங்களுக்குள் அழைத்துக்கொண்ட அந்த வாத்தியக்காரர்கள், நூற்றுக்கணக்கான வெற்றிப் பாடல்களுக்கு வாசித்தவர்கள். மோட்டவுன் தன் ஆல்பங்களில் அவர்கள் பெயரைப் போட்டதே கிடையாது. போட்டால் வேறு கம்பெனிகள் கொத்திக்கொண்டு போய்விடும் என்ற பயம். 1971இல்தான், இந்த ஆல்பத்தில்தான், அவர்கள் தம் பெயரை முதன்முதலாக அச்சில் பார்த்தார்கள்.

ஆல்பம் பொதுப் பட்டியலில் 6ஆம் இடம் வரை ஏறி, ஓராண்டுக்கு மேல் பட்டியலில் நின்றது. மூன்று பாடல்கள் பொதுப் பட்டியலின் முதல் பத்துக்குள் வந்தன. மூன்றுமே கறுப்பின இசைப் பட்டியலில் முதலிடம். கிராமி விருதுக்கு இரண்டு பரிந்துரைகள், ஒன்றும் கிடைக்கவில்லை. இது வெளிவருவதற்கு ஒரு வாரம் முன்புதான் மோட்டவுனின் இன்னொரு பாடகரான ஸ்டீவி வொண்டருக்கு 21 வயது நிறைந்தது. பழைய ஒப்பந்தம் முடிந்ததும் மோட்டவுனோடு பேரம் பேசி, தம் இசை தம் கையில் என்ற உரிமையை அவர் வாங்கிக்கொண்டார். 'டாக்கிங் புக்', 'இன்னர்விஷன்ஸ்' எல்லாம் அந்த உரிமையில் விளைந்தவை.

வாத்தியக்காரர்களுக்கு அந்த விடுதலை நீடிக்கவில்லை. 1972இல் மோட்டவுன் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம் பெயர்ந்தது. டெட்ராய்ட் கலைஞர்களில் பலர் அப்படியே விடப்பட்டார்கள். ஜேமர்சன் பின்னாலேயே போனார். அந்த ஊர் அவரைப் பொருட்படுத்தவில்லை. 1983இல் மோட்டவுனின் வெள்ளிவிழாவுக்குத் தம் காசில் டிக்கெட் வாங்கி மாடி வரிசையில் உட்கார்ந்து பார்த்தார் என்று சொல்வார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்துபோனார். மறு ஆண்டு ஏப்ரல் 1 அன்று, 45ஆவது பிறந்த நாளுக்கு முந்தைய நாள், மார்வின் கேயைப் பெற்ற தகப்பனாரே சுட்டுக்கொன்றார். ஃபங்க் பிரதர்ஸ் பற்றிய ஆவணப்படம் வந்தது 2002இல். வாழ்நாள் சாதனைக்கான கிராமி 2004இல். அதற்குள் அவர்களில் பலர் உயிரோடு இல்லை.

கேட்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைப்பேசியில் இதைக் கலைத்துப்போட்டுக் கேட்காதீர்கள். முதல் பக்கத்தின் 6 பாடல்களையும் வைத்த வரிசையிலேயே, நிறுத்தாமல், ஒரே இருப்பில் கேளுங்கள். முதல் தடவை மார்வின் கேயின் இரண்டு குரல்களைக் கேளுங்கள். இரண்டாவது தடவை குரலை விட்டுவிட்டு ஜேமர்சனை மட்டும் கேளுங்கள்.